அப்பா ஏறாத வண்டி

அன்றைக்கு வண்டியில் ஐந்து பேர் இருந்தோம். ஓட்டியவர் மாமா, என் அக்காவின் கணவர். அவருக்குப் பக்கத்தில் நான். பின்னால் அக்கா, அவள் மடியில் அன்று காலைதான் மொட்டை போட்ட அவளுடைய பெண்குழந்தை, குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அம்மா. அப்பா இல்லை. காலையில் கோயிலுக்கு பஸ்ஸில் வந்தார். மொட்டை முடிந்ததும் பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டார். வண்டியில் இடம் இல்லாமல் அல்ல. அந்த வண்டியில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

அவர் வாங்கிக் கொடுத்த வண்டி அது. அக்காவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கார் கேட்டார்கள். புதுசு வேண்டாம், பழசு போதும் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்களுக்கு இருப்பது இரண்டு ஏக்கர். நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் மாற்றி மாற்றிப் போடுவோம். அந்த வருஷம் மல்லாட்டை விலை நன்றாக இருந்தது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலை பைபாஸில் பழைய கார் விற்கும் கடைக்குப் போனார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னைத் தாள்களைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், தடையில்லாச் சான்று, எல்லாம் சரியாக இருந்தன. வண்டி வெள்ளை வெளேரென்று நின்றது. புது சீட் கவர் போட்டிருந்தார்கள். அப்பா பானெட்டைத் தடவிப் பார்த்தார். கதவைத் திறந்து உட்காரச் சொன்னார் கடைக்காரர். அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பெண்ணுக்குக் கொடுக்கும் பொருளில் அப்பன்காரன் உட்காரக் கூடாது என்றார்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படியில்லை. அப்பா அப்படி. கொடுத்ததை அனுபவித்தால் கொடுத்ததாகாது என்பது அவருடைய கணக்கு. அக்கா வீட்டில் தண்ணீர் குடிப்பார், சாப்பிடமாட்டார். வண்டியை வெளியே நின்று பார்ப்பார். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய மனிதருக்கு அந்த வண்டியின் உள்ளே என்ன வாசனை அடிக்கும் என்பது மட்டும் தெரியாது.

எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின நாள் பூ கட்டுவதற்காக உள்ளே உட்கார்ந்தேன். ஈரச் சாக்கைச் சுருட்டி மூலையில் போட்டு ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் வருமே, அந்த நாற்றம். புது சீட் கவரின் பிளாஸ்டிக் வாசனைக்கு அடியிலிருந்து மெதுவாக எழுந்து வந்தது. காலடியில் விரித்திருந்த கார்ப்பெட்டை மிதித்தால் லேசாகச் சொதசொதத்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். புது சீட்டு வாசனைடா என்றாள். அவள் முகம் சுளித்ததை நான் பார்த்தேன். பிறகு அவள் இரண்டு முழம் மல்லிகையை வாங்கி வந்து கண்ணாடியில் தொங்கவிட்டாள்.

அதிலிருந்து அந்த நாற்றத்தின் மேல் எல்லோரும் ஏதாவது ஒன்றைப் போட்டு மூடிக்கொண்டே இருந்தார்கள். மாமாவின் அம்மா சாம்பிராணி போட்டார். மாமா பச்சை ஆப்பிள் வாசனை என்று ஒரு குப்பி வாங்கி ஏ.சி. துவாரத்தில் மாட்டினார். சதுர்த்திக்கு ஊதுபத்தி, அமாவாசைக்கு எலுமிச்சம்பழம். எல்லாம் கலந்து இன்னும் மோசமானது. அக்கா முழுகாமல் இருந்தபோது அந்த வண்டியில்தான் டாக்டரிடம் போய்வந்தாள். ஒவ்வொரு தடவையும் இறங்கியவுடன் வாந்தி எடுப்பாள். மசக்கை என்றார்கள். ஏழாம் மாதத்திலும் மசக்கை என்றார்கள்.

வாசனை மட்டுமென்றாலும் பரவாயில்லை. இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடித்தது. பிரேக்கை மிதித்தால் உள்விளக்கு எரிந்தது. மழை பெய்யும்போது கண்ணாடி தானாகக் கீழே இறங்கி, வெயில் வந்த பிறகு ஏறியது. மாமா இதையெல்லாம் விருந்தாளிகளிடம் வேடிக்கையாகச் சொல்வார். "வண்டிக்கு சாமி வருது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் ஒருமுறை சிரித்தேன். சிரிக்காவிட்டால் அக்காவைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதற்காக.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெளியாருக்குச் சொன்னால் புரியாது, எங்களுக்குச் சொல்லவே வேண்டாம். சீர் வண்டியில் குறை இருக்கிறது என்று பெண்வீட்டார் சொன்னால், ஓட்டை வண்டியைத் தலையில் கட்டினோம் என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், நல்ல சீர் வாங்கத் துப்பில்லாத இடத்தில் பெண் எடுத்தார்கள் என்று அவர்கள் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அதனால் இரண்டு பக்கமும் வண்டி ஜோராக இருக்கிறது என்றே பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டே அதில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியையும் பிறகு ஒரு குழந்தையையும் ஏற்றி அனுப்பினார்கள். நான் ஒருமுறை அம்மாவிடம் சத்தமாகவே சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்:

"வாய மூடு. நீ இங்க ஒரு வார்த்த சொன்னா, அவ அங்க பத்து வார்த்த வாங்குவா."

மொட்டை போட்ட அன்று மதியம் ஊருக்குத் திரும்பினோம். திண்டிவனம் சாலையில் ரயில்வே மேம்பாலம் ஏறும்வரை ஒன்றுமில்லை. குழந்தை தூங்கியிருந்தது. மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பாலத்தின் உச்சியில் ஏதோ பொசுங்குகிற வாடை வந்தது. பழைய நாற்றத்துக்கு மேல் இது புதிதாக இருந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா முன்னால் போன மினி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு பிரேக்கை மிதித்தார். மிதி தரைவரைக்கும் போனது. திரும்ப மிதித்தார். வெறும் செருப்பை மிதிப்பதுபோல இருந்திருக்க வேண்டும்; காலைத் தூக்கிப் பார்த்தார், கால் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டவர் மாதிரி.

இறக்கத்தில் வண்டி தன்பாட்டுக்கு ஓடியது. மாமா ஹாரனை அழுத்தினார், அடிக்கவில்லை. இடதுபக்கம் திருப்பினால் ஊரையே கூப்பிடும் ஹாரன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. நான் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஏதோ அறுந்த சத்தம். கம்பி தளர்ந்து கையோடு வந்துவிட்டது. மினி பஸ்ஸுக்கு ஒரு முழம் இருக்கும்போது மாமா ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தார். பாலம் முடிகிற இடத்தில் வீடு கட்டுவதற்காக எம்-சாண்ட் கொட்டி வைத்திருந்தார்கள். அந்தக் குவியலில் வண்டி பாதிவரை புதைந்து நின்றது.

அடுத்து நடந்ததை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மாமா தன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். இறங்கிப் பின்கதவுக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்துக்குப் போய் நின்றுகொண்டு போனை எடுத்தார்.

என் பக்கத்துக் கதவை மணல் மூடியிருந்தது. கியரைத் தாண்டி அவர் சீட் வழியாக விழுந்து வெளியே வந்தேன். பின்கதவை இழுத்தேன். பூட்டியிருந்தது. ஓட ஆரம்பித்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும் வண்டி அது. மின்சாரம் செத்த பிறகு திறந்துகொள்ளத் தெரியவில்லை. உள்ளே அக்கா குமிழைப் பிடித்து இழுப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. வரவில்லை. அம்மா முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடினாள். புகை முன்சீட்டைத் தாண்டிப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் முழங்கையால் கண்ணாடியை இடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மணல் அள்ளிக்கொண்டிருந்த சித்தாள் அம்மா ஒருத்தி என்னைத் தோளைப் பிடித்து ஒதுக்கினாள். கையில் கடப்பாரை. உள்ளே பார்த்து, அந்தாண்ட திரும்புங்க என்று கத்திவிட்டு, கண்ணாடியின் மூலையில் ஒரு குத்துக் குத்தினாள். கண்ணாடி கற்கண்டு மாதிரி உதிர்ந்தது. முதலில் குழந்தை வந்தது, பிறகு அக்கா, அம்மாவை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தோம். யாரோ மணலை வாரி டாஷ்போர்டுக்கு அடியில் கொட்டினார்கள். புகை நின்றது.

குழந்தையின் தலையில் சந்தனத்தோடு கண்ணாடித் துகள்கள் ஒட்டியிருந்தன. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சித்தாள் அம்மா உடைந்த ஜன்னலில் தலையை விட்டு மோந்து பார்த்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"இன்னாமா இது, சாக்கடையில கெடந்த வண்டியா? இம்மா நாத்தம் நாறுது. இதுலயா பச்சக் கொழந்தய வச்சினு போறீங்க?"

இரண்டு குடும்பமும் வாய்திறந்து சொல்லாததை ஒரு நிமிஷத்தில் அவள் சொல்லிவிட்டாள். அக்கா அழ ஆரம்பித்தாள். விபத்துக்கு அழவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

மாமா ரோட்டைத் தாண்டித் திரும்பி வந்தார். மொட்டை போட்ட குழந்தை மேல் யார் கண்ணோ பட்டிருக்கிறது, பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்றார். அம்மா தலையாட்டினாள். அப்பாவுக்கு போன் போட்டு, வண்டி லேசாக மணலில் ஏறிவிட்டது, ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள்.

மறுநாள் மெக்கானிக் ஷெட்டுக்கு நானும் போனேன். மெக்கானிக் சீட்டுகளைக் கழற்றிப் போட்டு, கார்ப்பெட்டை ஒரு முனையில் பிடித்துக் கிழித்து எடுத்தார். அடியில் கருப்பாக ஒரு களி. இரண்டு விரல் கனம். காய்ந்த இடத்தில் பாளம் பாளமாக வெடித்திருந்தது, காயாத இடத்தில் பளபளத்தது. அதில் சின்னச் சின்ன நத்தை ஓடுகள். தலைமுடி. பாதி மாத்திரையோடு ஒரு அட்டை. காது குடையும் பஞ்சுக் குச்சி. யார் வீட்டுக் குப்பையோ, எந்த ஊர்ச் சாக்கடையோ. இதன் மேல் விரித்த கார்ப்பெட்டில்தான் குழந்தை தவழ்ந்தது. கையை வாயில் வைத்தது. அதன் கால் மடிப்பில் ஆறாமல் இருந்த சிரங்குக்கு மூன்று டாக்டரைப் பார்த்தார்கள். வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்ப வந்தேன்.

கட்டுக் கட்டாக ஒயர்கள். நுனியெல்லாம் பச்சை பூத்திருந்தது. பிரேக் ஆயில் போகும் குழாயை மெக்கானிக் விரலால் அழுத்தினார், துரு அப்பளம் மாதிரி நொறுங்கியது. சென்னைப் பக்கம் வெள்ளத்தில் முழுகிய வண்டி இது, கழுவி பெயின்ட் அடித்து இந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "நான்தான் சித்திரையிலயே சொன்னனே சார், பைப்பு பூரா துரு, ஓட்டாதீங்கனு" என்றார்.

மாமா போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "சொன்னா மாமா மனசு கஷ்டப்படும்னு விட்டேன் மச்சான்" என்றார். மாமா என்று அவர் சொன்னது என் அப்பாவை.

சித்திரையிலேயே தெரியும். மொட்டை போட்டது ஐப்பசியில். சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன். அவள் குழந்தைக்கு மருந்து தடவிக்கொண்டே, பொங்கல் சீர் வரும்போது நாலு பேர் எதிரில் சொல்லி வேறு வண்டியாக மாற்றித் தரச் சொல்லலாம் என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள். அதுவரைக்கும் ஓடட்டும் என்று விட்டிருக்கிறார்கள். எனக்கு அக்கா மேலும் கோபம் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறியவள் அவள்தானே. ஆனால் அவள் என்னைப் பார்க்காமலே, "அப்பா வாங்கிக் குடுத்ததுடா" என்றாள்.

வண்டி விற்ற கடைக்குப் போனேன். கடைக்காரர் டீ வரவழைத்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, நீங்கதான படிச்சிப் பாத்தீங்க. பேப்பர்ல எங்கியாச்சும் தண்ணியில முழுகலனு எழுதியிருக்குதா?" என்றார். அவர் மேஜையில் பச்சை ஆப்பிள் வாசனைக் குப்பிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. வண்டிக்கு ஒன்று இலவசமாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று எழுத உட்கார்ந்தேன். யாருக்காக வாங்கினீர்கள், ஏன் வேறொருவர் பெயரில் பதிவு செய்தீர்கள் என்று கேட்பார்கள். வரதட்சணை கொடுத்தோம் என்று என் கைப்பட எழுத வேண்டும். எழுதாமல் மூடி வைத்தேன்.

அந்த வாரமே மாமா வண்டிக்கு ஆள் பிடித்துவிட்டார். ஒயரை மட்டும் ஒட்டுப்போட்டு, உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டி, கார்ப்பெட் மாற்றி, பழைய குழாயில் துரு தெரியாமல் பெயின்ட் அடித்து நிறுத்தினால் போதும் என்றார். வாங்குகிறவர் அடி அண்ணாமலைப் பக்கம் விவசாயி. தை மாதம் அவருடைய மகளுக்குக் கல்யாணம்.

அன்றைக்கு நான் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அப்பா களத்தில் மல்லாட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையால் மல்லாட்டையைக் கிளறிக்கொண்டே கேட்டார். பேப்பர் நீதானே படித்தாய் என்று மட்டும் ஒருமுறை சொன்னார். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லையே, உனக்கு என்ன என்றார். நான் அக்காவைப் பற்றிப் பேசினேன், குழந்தையைப் பற்றிப் பேசினேன். கொடுத்த பொருளில் குறை பேசக் கூடாது என்பதைத் தாண்டி அவர் வரவில்லை. கடைசியில், பேச்சு வேண்டாம்ப்பா, ஒரே ஒருமுறை வந்து மோந்து பாருங்கள் என்றேன். வாங்கப்போகிற ஆளைப் பற்றியும் சொன்னேன். அவர் பெண்ணுக்குத் தையில் கல்யாணம் என்றேன். அப்பா கிளறுவதை நிறுத்தினார். காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தில் நின்றார்.

ஷெட்டில் மாமாவும் இருந்தார். வாங்குகிறவர் மதியம் வருவதாக இருந்ததால் உள்ளே ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் கையை இறக்கினார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, பின்கதவைத் திறந்து, அக்கா உட்கார்ந்த பக்கமாகத் தலையை உள்ளே விட்டார். தலையை உடனே எடுக்கவில்லை. புதுக் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் கையை வைத்துப் பார்த்தார். கையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

பிறகு வெளியே வந்து கால்வாய் ஓரம் போய்த் துப்பினார். மறுபடி துப்பினார். பானைத் தண்ணீர் எடுத்து வாய் கொப்பளித்து, கையை மண் போட்டுத் தேய்த்துக் கழுவினார். ஈரக் கையோடு வந்து நின்றார்.

"இதுலதான் எம்பொண்ணு வந்து போனாளா?"

மாமா ஸ்பிரே குப்பியைக் கீழே வைத்தார்.

"எவ்ளோவுக்குப் பேசியிருக்கீங்க மாப்ள?"

மாமா தொகையைச் சொன்னார்.

"அத நான் தரேன். வண்டி எனக்கு வேணும்."

"ஒங்களுக்கு எதுக்கு மாமா இது?"

"வேணும்."

மாமா கொஞ்சம் யோசித்தார். அந்த நேரத்திலாவது வேண்டாம் என்பார் என்று நான் நினைத்தேன். "நீங்க நம்ம மனுஷரு. ஐயாயிரம் கம்மி பண்ணிக்கிறேன்" என்றார்.

அப்பா தலையாட்டினார். எனக்கு அந்த இடத்திலிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. மாமாவைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, தலையாட்டிய அப்பாவைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

களத்தில் காய்ந்த மல்லாட்டை விதைக்குக்கூட வைக்காமல் போனது. கறவை மாடு போனது. பணம் கைமாறிய அன்று அக்கா முதல்முறையாகத் தன் மாமியார் எதிரில் வாயைத் திறந்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எனக்கு இனிமேல் எந்தக் காரும் வேண்டாம், என் பிள்ளையை நான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாளாம். மாமியார் என்ன சொன்னார் என்பதை அவள் சொல்லவில்லை. பொங்கலுக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். முடி ஒரு விரல் அளவுக்கு வளர்ந்திருந்தது. கால் சிரங்கு ஆறியிருந்தது.

வண்டியை இழுத்துக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எஞ்சினையும் கதவுகளையும் தனியாக விற்றால் ஜாஸ்தி வரும் என்றார். பதிவை ரத்து செய்யும் தாள்களை நான் எழுதிக் கொடுத்தேன். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: கதவு கதவாக எடுத்து இன்னொரு வண்டியில் மாட்டக் கூடாது, என் எதிரில் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். காஸ் வைத்து வெட்டினார்கள். சூடு பட்டதும் உள்ளே இருந்த களி வெந்து, அந்த நாற்றம் கடை முழுக்க எழும்பியது. வேலைக்காரர்கள் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டார்கள். அப்பா கட்டிக்கொள்ளவில்லை. கடைசித் துண்டு தராசில் ஏறும்வரை நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மொத்தம் எவ்வளவு ஆச்சு, படித்தவன் கணக்குப் போட்டுச் சொல் என்றார். முதல் தடவை வாங்கியது இரண்டு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். அதே வண்டியை இரண்டாம் தடவை வாங்கியது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். இரும்புக்கு வந்தது இருபத்தெட்டாயிரம். கழித்துச் சொன்னேன்: மூன்று லட்சத்து எண்பத்தேழாயிரம் ரூபாய்.